இஸ்லாமும் பிற சமயங்களும் பேசிக்கொள்ளும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு சிறிய பல்சமய உரையாடல் குழுவில் இருக்கிறேன். கல்லூரி மாணவர்கள், பள்ளிவாசல் ஜமாஅத்துக்காரர்கள், பங்கு மக்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் என்று யாரிடம் பேசினாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இவைதான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இது என்ன, பட்டிமன்றம் மாதிரியா?

இல்லை. பட்டிமன்றத்துக்கு நடுவர் உண்டு, தீர்ப்பு உண்டு. 'முனாழரா' எனப்படும் மார்க்க விவாத மேடையிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். எதிர்த்தரப்பின் வேதத்தை வரிவரியாகப் படித்திருப்பார்கள். ஆனால் ஓட்டை தேடிப் படித்திருப்பார்கள். உரையாடலில் வேலை வேறு. உங்கள் நம்பிக்கையை நான் என் வாயால் விளக்கும்போது, "ஆமாம், நாங்கள் நம்புவது இதுதான்" என்று நீங்கள் தலையாட்ட வேண்டும். அந்த நிலைக்கு வரவே ஆண்டுகள் பிடிக்கும்.

1991-இல் வத்திக்கான் வெளியிட்ட ஓர் ஆவணம் இதை நான்கு வகையாகப் பிரித்தது: அக்கம்பக்கமாக வாழ்வது, பொது வேலைகளில் சேர்ந்து இறங்குவது, அறிஞர்கள் இறையியல் பேசுவது, வழிபாட்டு அனுபவத்தைப் பகிர்வது. நம் ஊர்க்காரர்கள் முதல் இரண்டில் கில்லாடிகள். மூன்றாவது என்றால் மட்டும் "அதெல்லாம் எதற்கு வம்பு" என்று எழுந்துவிடுவார்கள்.

"எல்லா மதமும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டால் போதாதா?

அந்த வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும். இறைவன் ஒருவன், அவனுக்கு மகன் இல்லை என்கிறார் முஸ்லிம். மகனும் கடவுளே என்கிறார் கிறிஸ்தவர். படைத்தவன் யார் என்ற கேள்வியையே பௌத்தர் ஒதுக்கி வைக்கிறார். மூவரும் சொல்வது ஒன்றுதான் என்றால் மூவரில் ஒருவர் பேச்சையும் நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று பொருள். மேடையில் மூன்று குழந்தைகளை ஏற்றி, ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்குச் சிலுவை, ஒன்றுக்குத் திருநீறு போட்டுக் கைகோக்க விடுவதை இன்னும் எத்தனை ஆண்டு விழாக்களில் பார்க்கப்போகிறோமோ!

குர்ஆனில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. "எங்களுக்கும் உங்களுக்கும் பொதுவான ஒரு சொல்லுக்கு வாருங்கள்" என்று வேதக்காரர்களை, அதாவது யூதரையும் கிறிஸ்தவரையும், அழைக்கிறது 3:64 (மூன்றாம் அத்தியாயம், 64-ஆம் வசனம்). அவர்களோடு தர்க்கம் செய்தால் அழகிய முறையில் செய்யுங்கள் என்கிறது 29:46. பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள், பதிலுக்கு அவர்கள் அல்லாஹ்வைத் திட்டுவார்கள் என்று எச்சரிக்கிறது 6:108. மக்களைப் பல இனங்களாக ஆக்கியதே ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்பது 49:13.

எதிர்க்கேள்வியும் வரும்: யூதரையும் கிறிஸ்தவரையும் 'அவ்லியா' ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்ற 5:51 என்ன ஆயிற்று, போர் பற்றிய 9:29 என்ன ஆயிற்று? கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புபவரை முறைக்க வேண்டாம், நியாயமான கேள்விதான். 'அவ்லியா' என்பதைப் பலர் 'நண்பர்கள்' என்று மொழிபெயர்த்தாலும், போர்க்காலத்தில் பாதுகாவலராக, அரசியல் கூட்டாளியாக எடுத்துக்கொள்வதையே அது குறிக்கிறது என்று விளக்கும் உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், உண்டு. உங்களோடு மார்க்கத்துக்காகப் போரிடாதவர்களுக்கு நன்மையும் நீதியும் செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்ற 60:8-ஐ அவர்கள் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். அப்படிப் படிக்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் இருப்பதை மறைத்துவிட்டு உரையாடல் நடத்த முடியாது.

நபிகள் நாயகம் காலத்தில் இப்படி நடந்ததா?

இரண்டு சம்பவங்களை எப்போதும் சொல்வேன். இரண்டும் நபிகளின் வரலாற்றை ஆரம்பகாலத்தில் எழுதிய இப்னு இஸ்ஹாக் தரும் வரலாற்றில் வருபவை.

முதலாவது, கிட்டத்தட்ட 615-இல். மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் கடல் கடந்து அபிசீனியாவுக்கு, நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னரிடம் அடைக்கலம் போனார்கள். அவர்களைத் திரும்பப் பிடித்துவர, மக்காவின் ஆதிக்கக் குலத்தாரான குறைஷியர் தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொடுத்துத் தூதர்களை அனுப்பினார்கள். மன்னர் கேட்டபோது, அடைக்கலம் தேடி வந்தவர்கள் சார்பில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் குர்ஆனின் மர்யம் (மரியா) அத்தியாயத்திலிருந்து ஓதினார். மன்னரின் தாடி நனையுமளவு கண்ணீர் வழிந்தது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். மறுநாள் நடந்ததுதான் எனக்கு முக்கியம். "ஈசாவைப் (இயேசுவைப்) பற்றி இவர்கள் பயங்கரமான ஒன்றைச் சொல்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்" என்று தூதர்கள் மூட்டிவிட்டார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவருக்கு வழுக்கிக்கொண்டு போக எல்லாக் காரணமும் இருந்தது. ஜஅஃபர் வழுக்கவில்லை: அவர் அல்லாஹ்வின் அடியார், தூதர், மர்யமுக்குள் இடப்பட்ட அவனுடைய சொல், அவனிடமிருந்து வந்த ஆன்மா என்றார். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீ சொன்னதற்கும் ஈசாவுக்கும் இந்தக் குச்சி நீளம்கூட வித்தியாசமில்லை என்றார். அருகிலிருந்த குருமார்கள் மூக்கால் சீறினார்கள். உங்கள் ஊர்க் கூட்டத்திலும் இந்த மூன்று பேரையும் பார்க்கலாம்: உண்மையைச் சொல்பவர், குச்சியை எடுப்பவர், சீறுபவர்.

இரண்டாவது, தென் அரேபியாவின் நஜ்ரான் கிறிஸ்தவர்கள் அறுபது பேர் மதீனாவுக்கு வந்தது. அவர்கள் தொழும் நேரம் வந்தபோது நபிகளின் பள்ளிவாசலுக்குள்ளேயே கிழக்கு நோக்கி நின்று வழிபட்டார்கள். தடுக்கப் போனவர்களை நபிகள், "விடுங்கள்" என்றார்கள். இறையியலில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. உடன்படிக்கை செய்துகொண்டு, கிறிஸ்தவர்களாகவே ஊர் திரும்பினார்கள்.

கலீபாக்கள் காலத்தில் யாராவது மனம் திறந்து பேசினார்களா?

பாக்தாதில், 781 வாக்கில், அப்பாசிய கலீபா அல்-மஹ்தியும் கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் தீமோத்தேயுவும் இரண்டு நாள் பேசினார்கள். அரிஸ்டாட்டிலின் ஒரு நூலைக் கலீபாவுக்காக மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தவர் இந்தத் தீமோத்தேயு. ஆகவே முன்பின் தெரியாதவர்கள் இல்லை. இவ்வளவு படித்த நீங்கள், கடவுள் ஒரு பெண்ணை மணந்து மகன் பெற்றார் என்று சொல்லலாமா என்று ஆரம்பித்தார் கலீபா. அப்படி ஒரு நிந்தனையை யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார் இவர். பாருங்கள், முதல் பத்து நிமிடம் "நாங்கள் அப்படி நம்பவில்லை" என்று சொல்வதிலேயே போகிறது. இன்றும் அப்படித்தான்.

முஹம்மதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கலீபா கேட்டபோது, அவர் இறைவாக்கினர்களின் பாதையில் நடந்தார், புகழத்தக்கவர் என்றார் தீமோத்தேயு. நபி என்று மட்டும் சொல்லவில்லை. கலீபாவின் முகத்துக்கு நேரே! பிறகு ஓர் உவமை சொன்னார். நள்ளிரவில் இருட்டு வீட்டுக்குள் ஒரு முத்து விழுகிறது. எல்லோரும் தரையைத் துழாவுகிறார்கள். ஒருவர் கையில் முத்து, இன்னொருவர் கையில் கண்ணாடித் துண்டு, வேறொருவர் கையில் கல். ஒவ்வொருவரும் தன்னிடம்தான் முத்து என்று மகிழ்ந்துகொள்கிறார்கள், விடிந்தால்தான் தெரியும். முத்து தம்மிடம் இருப்பதாகத் தீமோத்தேயு உறுதியாக நம்பினார். ஆனாலும் விடியவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்.

சிலுவைப் போர்களுக்கு நடுவிலும் பேச்சு நடந்ததாமே?

நடந்தது. 1219-இல், ஐந்தாம் சிலுவைப் போரின்போது, எகிப்தின் தமியெத்தா அருகே கிறிஸ்தவத் துறவி அசிசி நகர் பிரான்சிஸ் படைகளைக் கடந்து சுல்தான் அல்-காமிலைப் போய்ச் சந்தித்தார். சுல்தான் காது கொடுத்துக் கேட்டார், மதம் மாறவில்லை, பிரான்சிஸைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். அதற்கு மேல் ஓவியர்களும் பக்தர்களும் சேர்த்ததுதான் அதிகம்.

இந்துக்கள் வேதக்காரர்கள் பட்டியலில் இல்லையே? அவர்களோடு எப்படி?

நம் மண்ணின் கேள்வி இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலில் அல்-பிரூனி என்ற முஸ்லிம் அறிஞர். சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டு, 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி அரபியில் ஒரு பெருநூல் எழுதினார். மறுப்பதற்காக எழுதவில்லை, இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்வதுபோலவே பதிவு செய்கிறேன் என்று முன்னுரையில் சொல்லிவிட்டார். அவர் அண்டியிருந்தது படையெடுத்துக்கொண்டிருந்த கஜினி மஹ்மூதின் அரசவையை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படையெடுப்புகளால் இந்துக்களுக்கு முஸ்லிம்கள் மேல் வெறுப்பு ஏற்பட்டதையும் அவரே எழுதுகிறார்.

அடுத்து அக்பர். 1575-இல் பதேபூர் சிக்ரியில் சமய விவாதங்களுக்காக இபாதத் கானா (வழிபாட்டு இல்லம்) கட்டினார். முதலில் முஸ்லிம் அறிஞர்களுக்கு மட்டும்தான் அழைப்பு. வந்தவுடன் எதற்குச் சண்டை? யார் எங்கே உட்காருவது என்பதற்கு! சையதுகள் மேற்கே, உலமாக்கள் தெற்கே, ஷேக்குகள் வடக்கே, அமீர்கள் கிழக்கே என்று பிரித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று. ஓர் இரவு உலமாக்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியதாக, அரசவையில் இருந்த வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதி வைத்திருக்கிறார். இனி யார் மரியாதை தவறிப் பேசினாலும் என்னிடம் சொல், வெளியே அனுப்புகிறேன் என்று அக்பர் அவரிடம் சொல்ல, "அப்படிச் செய்தால் பெரும்பாலோர் வெளியே போக வேண்டியிருக்குமே" என்று பதாயூனி பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அக்பர் என்ன என்று கேட்டு வாங்கி, ரசித்து, மற்றவர்களுக்கும் சொன்னார். பிறகுதான் பிராமணர், சமணர், பார்சிகள், 1580-இல் கோவாவிலிருந்து ஏசு சபையினர் என்று கதவு அகலத் திறந்தது. ஆனால் அது பேரரசரின் கூடம். கேள்வி கேட்டவரும் அவரே, முடித்துவைத்தவரும் அவரே. அவரோடு அதுவும் போயிற்று. அந்தக் கட்டடம் எது என்பதில்கூட இன்று அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

மூன்றாவது, அவருடைய கொள்ளுப்பேரன் தாரா ஷிகோ. காசிப் பண்டிதர்களின் துணையோடு 1657-இல் சுமார் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார். குர்ஆன் 56:78 சொல்லும் 'மறைக்கப்பட்ட நூல்' இவையே என்றார். இது அவர் காலத்து உலமாக்களுக்கு அதிகப்படியாகத் தெரிந்தது. எனக்கும் சற்று அதிகமாகத்தான் தெரிகிறது. உபநிடதத்தை உபநிடதமாகவே மதிக்கலாமே, குர்ஆனுக்குள் இடம் தேடித்தர வேண்டுமா? 1659-இல் மார்க்கத்தை விட்டுவிட்டார் என்ற குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். அடியில் இருந்தது தம்பி அவுரங்கசீப்போடு நடந்த அரியணைப் போர். அந்தப் பாரசீக மொழிபெயர்ப்பு லத்தீனுக்குப் போய், 1801-02-இல் அச்சாகி, ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர் கையில் கிடைத்தது. ஐரோப்பா உபநிடதம் படித்தது ஒரு முகலாய இளவரசர் வழியாக.

பௌத்தர்களோடு?

ஒவ்வொரு சமுதாயத்துக்கும் தூதர் உண்டு (10:47), அவர்களில் சிலரைப் பற்றிச் சொல்லவில்லை (40:78) என்ற வசனங்களை வைத்து, புத்தர் அப்படி ஒருவராக இருக்கலாம் என்று சொன்ன முஸ்லிம் அறிஞர்கள் உண்டு. 95:1 சொல்லும் அத்தி மரத்தைப் போதி மரம் என்றவர்களும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் இழுத்துக் கட்டிய பாலம். இலங்கையில் 2014-இல் அளுத்கமவும் 2018-இல் திகனவும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் எரிந்தபோது யாரும் அத்தி மரம் பற்றிக் கேட்கவில்லை. அங்கே தேவைப்பட்டது பக்கத்து வீட்டு உரையாடல்.

யூதர்களோடு பேச முடியுமா, இன்றைய நிலையில்?

இறைக் கொள்கையில் பார்த்தால் மிக எளிதாகப் பேசக்கூடியவர்கள் இந்த இருவர்தான். முஸ்லிம்கள் சிலை வணங்கிகள் அல்லர், அவர்களுடைய ஏகத்துவம் குறையற்றது என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார் யூதப் பேரறிஞர் மைமோனிடீஸ். கெய்ரோவில் வாழ்ந்தவர், தம் தத்துவ நூலை அரபு மொழியில் எபிரேய எழுத்தில் எழுதினார். உணவு விதி, விருத்தசேதனம், மார்க்கச் சட்டம் என்று ஒட்டுறவு அதிகம். முட்டுக்கட்டை பாலஸ்தீனம். அதைப் பேசாமல் ஆபிரகாமைப் பற்றி மட்டும் பேசலாம் என்று முடிவெடுத்த கூட்டங்கள், அங்கே குண்டு விழுந்த மறுநாளே கலைகின்றன. பேசித் தீராது என்று தெரிந்தாலும் அதையும் மேசையில் வைக்கத்தான் வேண்டும்.

இன்றைய முறையான உரையாடல் எப்போது தொடங்கியது?

1893-இல் சிகாகோவில் கூடிய சர்வ சமயப் பேரவையைச் சொல்வார்கள். நமக்கு அது விவேகானந்தர் கூட்டம். அங்கே இஸ்லாத்துக்காகப் பேசிய முக்கியமானவர் முஹம்மத் அலெக்சாண்டர் ரசல் வெப் என்ற அமெரிக்கர். உஸ்மானிய சுல்தான் அந்தக் கூட்டத்தை ஆதரிக்கவில்லை.

நிறுவன அளவிலான திருப்பம் 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை. 2,221 வாக்குகள் ஆதரவு, 88 எதிர்ப்பு. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்றது. ஒரே இறைவனை வணங்குகிறார்கள், மரியாவைப் போற்றுகிறார்கள், தொழுகிறார்கள், நோன்பு நோற்கிறார்கள் என்று பட்டியலிட்டது. நூற்றாண்டுகளின் வசைக்குப் பிறகு அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பத்தியில் முஹம்மது நபியின் பெயரும் இல்லை, குர்ஆனின் பெயரும் இல்லை. தீமோத்தேயு 781-இல் சொன்ன அளவுக்குக்கூட அங்கே வரவில்லை.

2006-இல் போப்பின் பேச்சால் பெரிய கொந்தளிப்பு வந்ததே, அது என்ன ஆயிற்று?

உரையாடலுக்கு நல்ல பாடம் அதில்தான் கிடைத்தது. 2006 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பதினாறாம் பெனடிக்ட், இஸ்லாத்தைக் கடுமையாகப் பழித்த ஒரு பைசாந்தியப் பேரரசரின் வரிகளை மேற்கோள் காட்டினார். பல நாடுகளில் போராட்டம் வெடித்தது, தேவாலயங்களும் தாக்கப்பட்டன. அது தம் கருத்தல்ல என்று போப் விளக்கி வருத்தம் தெரிவித்தார்.

ஒரே மாதத்தில் 38 முஸ்லிம் அறிஞர்கள் சேர்ந்து அவருக்குத் திறந்த மடல் எழுதினார்கள். கோபமாக அல்ல, பிழைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி. சரியாக ஓராண்டு கழித்து, 2007 அக்டோபர் 13 அன்று, 138 பேர் கையெழுத்தோடு இன்னொரு மடல், இம்முறை எல்லாத் திருச்சபைத் தலைவர்களுக்கும். ஜோர்டானின் இளவரசர் காஸி பின் முஹம்மத் முன்னின்று செய்த வேலை அது. தலைப்பே 3:64-இலிருந்து: 'பொதுவான சொல்'. இறைவனை முழு மனதோடு நேசி, அயலானை நேசி என்ற இரண்டும் இரு சமயங்களுக்கும் அடித்தளம் என்பது அதன் வாதம். சன்னி, ஷியா என்று தமக்குள்ளேயே ஒரு தாளில் கையெழுத்துப் போடாதவர்கள் அதில் சேர்ந்து போட்டிருந்தார்கள். என் கணக்கில் அதுவே பாதி வெற்றி.

2008 நவம்பரில் ரோமில் முதல் கத்தோலிக்க–முஸ்லிம் மன்றம் கூடி, தனியாகவும் பொதுவிலும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று கூட்டறிக்கை தந்தது. அதோடு சுபம் இல்லை. 2011-இல் அலெக்சாண்டிரியா தேவாலயக் குண்டுவெடிப்பை ஒட்டிய போப்பின் பேச்சால் கெய்ரோவின் இஸ்லாமியக் கல்வி நிறுவனமான அல்-அஸ்ஹர் வத்திக்கானுடனான உரையாடலை நிறுத்தியது. 2016-இல்தான் அதன் தலைவர் அஹ்மத் அல்-தய்யிப் வத்திக்கானுக்குப் போனார்.

அபுதாபி ஆவணம்?

2019 பிப்ரவரி 4 அன்று போப் பிரான்சிசும் அல்-தய்யிபும் கையெழுத்திட்ட மனித சகோதரத்துவ ஆவணம். சமயங்களின் பன்மை இறைவன் தன் ஞானத்தால் விரும்பியது என்ற ஒரு வரி அதில் உண்டு. கத்தோலிக்கர்களில் ஒரு சாரார் அதற்காகக் கொதித்தார்கள். 2023-இல் அபுதாபியில் பள்ளிவாசல், தேவாலயம், யூத ஜெப ஆலயம் மூன்றும் அருகருகே கொண்ட வளாகமும் திறக்கப்பட்டது. அழகான கட்டடங்கள். அரசர்கள் தரும் இடத்தில் அரசர்களைப் பற்றிக் கேட்க முடியாது என்பது மட்டும் அக்பர் காலத்திலிருந்து மாறவில்லை.

மதம் மாற்றும் தந்திரம்தானே இது?

முஸ்லிமுக்கு அழைப்புப் பணி கடமை, கிறிஸ்தவருக்கு நற்செய்தி அறிவிப்பு கடமை. இருவரும் அதை மறைத்தால்தான் தந்திரம். "நீங்கள் என் வழிக்கு வந்தால் மகிழ்வேன், ஆனால் இன்று அதற்காக வரவில்லை" என்று சொல்லிவிட்டு உட்காருபவரோடு நிம்மதியாகப் பேசலாம்.

இவ்வளவு பேசியும் கொலைகள் நின்றனவா?

நிற்கவில்லை. அல்ஜீரியாவில் திபிரீன் என்ற மலைக்கிராமத்தில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவிகள் ஏழு பேர் 1996-இல் கடத்திக் கொல்லப்பட்டார்கள். சுற்றியிருந்த முஸ்லிம்களோடு பல ஆண்டுகள் பேசிப் பழகியவர்கள். அவர்களின் தலைவர் கிறிஸ்தியான் த ஷெர்ஜேயிடம் ஓர் இளம் முஸ்லிம் ஆன்மிகம் பேச வருவார். "நம் கிணற்றைத் தோண்டி நாளாயிற்று" என்பது அவர்களுக்குள் சந்திப்புக்கான சொல். அடியில் என்ன தண்ணீர் கிடைக்கும், முஸ்லிம் தண்ணீரா, கிறிஸ்தவத் தண்ணீரா என்று துறவி ஒருநாள் கிண்டலாகக் கேட்டார். "இன்னுமா இந்தக் கேள்வி? கடவுளின் தண்ணீர்தான் கிடைக்கும்" என்றார் அந்த இளைஞர். அந்த உரையாடல் யாரையும் காப்பாற்றவில்லை. எனக்கு இதற்கு மேல் பதில் இல்லை.

தமிழில் இதற்கு மரபு உண்டா?

சேர்ந்து வாழும் மரபு நிறைய. நாகூர் தர்காவின் மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்கா வழிபாட்டையே ஏற்காத முஸ்லிம்களும் ஏராளம். அவர்களை விட்டுவிட்டு நாகூரை மட்டும் காட்டுவது அரைகுறை.

உரையாடல் என்று சொல்லத்தக்கது இலக்கியத்தில் இருக்கிறது. நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர் கம்பன் போட்ட தடத்திலேயே நாட்டுப்படலம், நகரப்படலம் என்று போகிறார். அரபு நாட்டில் மருத நிலத்தின் நீர் ஓடுகிறது. கொள்கையில் ஓர் எழுத்தும் விட்டுக்கொடுக்காமல் மொழியை முழுதாக வாங்கிக்கொண்டார். நம் காலத்தில் அதன் மறுபக்கம் நீதியரசர் மு. மு. இஸ்மாயில். நாகூரில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவினார். இராமகாதையில் ஆழ்ந்ததால் அவர் முஸ்லிமாக இல்லாமல் போய்விடவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை மதியம் வைக்காதீர்கள். குத்துவிளக்கு ஏற்றச் சொல்வதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். சில முஸ்லிம்கள் தயங்குவார்கள், மேடையில் வைத்துத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம். சைவச் சாப்பாடு போட்டால் ஹலால் பேச்சே எழாது. பெண்கள் பேச வேண்டும், நன்றியுரை மட்டுமல்ல. முதல் கூட்டத்திலேயே திரித்துவத்தையும் சிலை வழிபாட்டையும் எடுக்க வேண்டாம். பத்தாவது கூட்டத்திலும் எடுக்காமல் இருக்க வேண்டாம்.

நோன்பு திறப்பு நிகழ்ச்சி என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மண்டபத்தில் நடந்தது இது. சகோதரத்துவம் பற்றிச் சிறப்புப் பேச்சாளர் பொழிந்துகொண்டிருக்கிறார், பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பின்வரிசைப் பையன்கள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் மட்டும் மேடைக்கு மரியாதை தந்து, பழத்தை விரலிடுக்கில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வயதான பாதிரியார் ஒருவர் எழுந்து மைக்கருகே போய், "ஐயா, பாங்கு சொல்லியாச்சு. இவங்க ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும், அப்புறம் சகோதரத்துவத்தைத் தொடரலாம்" என்றார். பேச்சாளர் தொடரவில்லை. கஞ்சி வரிசையில் போய் நின்றுகொண்டார்.